வீட்டில் படுத்திருப்பவரைப் பலபேர் கவனிக்கும்போது: யார், யாரிடம், எதைச் சொல்ல வேண்டும்

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறிப்போகின்றன. ஆஸ்பத்திரியில் இருந்தவரை ராத்திரி மூணு மணிக்குக் கூப்பிட்டாலும் வார்டில் ஒரு சிஸ்டர் இருப்பார், அவர் கையில் கேஸ் ஷீட் இருக்கும், பகல் டியூட்டியில் என்ன நடந்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். வீட்டிலும் வேலை செய்யும் ஆட்கள் ஏறக்குறைய அதே அளவுதான். காலையில் அட்டெண்டர், பதினோரு மணிக்கு டிரெஸ்ஸிங் மாற்ற சிஸ்டர், சாயங்காலம் பிசியோ, ராத்திரிக்கு வேறொரு அட்டெண்டர், போனில் டாக்டர், வீடியோ காலில் பெங்களூரு மகன். ஆனால் இவர்களில் ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பதே இல்லை.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் வேலை தெரிந்தவர்கள்தான். பிசியோ காலை நீட்டி மடக்கும்போது குதிகால் சிவந்திருப்பதைப் பார்க்கிறார், பகல் அட்டெண்டரிடம் சொல்கிறார், அவருக்கு டியூட்டி முடிகிற நேரம், பஸ்ஸுக்கு ஓடுகிறார், ராத்திரி வந்தவருக்கு விஷயமே தெரியாது, மூணாம் நாள் சிஸ்டர் வந்து பார்க்கும்போது தோல் உரிந்திருக்கிறது. இதில் யாரைக் குறை சொல்வது? ஒருவர் பார்த்தது அடுத்தவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் நடக்கும் கவனிப்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் இங்கே பெரும்பகுதி அதைப் பற்றியேதான் எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே ஆரம்பியுங்கள்

பில் கட்டும் நாளில் எதையும் நிதானமாகக் கேட்க முடியாது. முந்தின நாளே வார்டு சிஸ்டரிடம், "நாளைக்கு வீட்டில் இதையெல்லாம் நாங்கதான் செய்யணும் சிஸ்டர், ஒருமுறை என் கையாலேயே செய்யறேன், நீங்க பக்கத்தில் நின்னு பாருங்க" என்று சொல்லுங்கள். மூக்கு வழி டியூபில் கஞ்சி கொடுப்பது, யூரின் பையைக் காலி செய்வது, ஆளைப் பக்கவாட்டில் திருப்புவது எல்லாம் பார்த்தால் சுலபமாகத் தெரியும், கையில் எடுத்தால்தான் சந்தேகம் வரும்.

கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் சாப்பிட்ட மாத்திரைகளில் எது நிறுத்தப்பட்டது, எது தொடர்கிறது. டியூப் எந்தத் தேதியில் போட்டது, அடுத்து எப்போது மாற்ற வேண்டும். டியூப் வழியாகக் கொடுக்க எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது (மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்). என்ன ஆனால் உடனே கூட்டிவர வேண்டும். சந்தேகம் வந்தால் எந்த நம்பருக்குப் பேச வேண்டும்.

பழைய மாத்திரை விஷயத்தை லேசாக விடாதீர்கள். காட்பாடியில் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரை ஒரு பெயரில் வீட்டில் இருக்கும், ஆஸ்பத்திரியில் கொடுத்தது வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும், உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, "ஏன் எழுந்து உட்கார்ந்தாலே தலை சுத்துது" என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் வார்டிலேயே காட்டிவிடுங்கள்.

கட்டில், ஏர் பெட், சக்கர நாற்காலி எல்லாம் வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) எதிரே ஆற்காடு ரோட்டுக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். ஏர் பெட் வாங்கினால் அங்கேயே மோட்டார் போட்டுக் காற்று ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ஏர் பெட் இருக்கிறது என்பதற்காக ஆளைத் திருப்புவதை விட்டுவிட முடியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பத்தான் வேண்டும். கொசப்பேட்டை மாதிரி சந்துக்குள் வீடு, அதுவும் மாடியில் என்றால், ஸ்ட்ரெச்சர் படி திரும்புமா என்று முன்பே அளந்து பார்த்துவிட்டு, முடிந்தால் கீழ்த்தளத்திலேயே படுக்கையைப் போடுங்கள்.

சொல்வது ஒருவராக இருக்கட்டும்

அட்டெண்டருக்கும் சிஸ்டருக்கும் எதைச் செய், எதை நிறுத்து என்று சொல்லும் உரிமை வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் இருக்க வேண்டும். அவர் அந்த வீட்டிலேயே தங்கி இருப்பவராக இருக்க வேண்டும். மூத்தவர், சம்பாதிப்பவர், அதிகம் படித்தவர் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை, தினமும் நோயாளியின் முகத்தைப் பார்ப்பவர் யார் என்பதே கணக்கு. பெரும்பாலும் அது மனைவியாகவோ மருமகளாகவோ இருக்கும். ஆனால் முடிவு சொல்லும் இடத்தில் அவர்களை உட்கார வைக்கத்தான் குடும்பத்துக்கு மனம் வருவதில்லை.

"அக்கா, ஐயாவுக்கு ராத்திரி சுகர் மாத்திரை வேணாம்னு பெரியண்ணன் போன்ல சொன்னாரு, அதான் குடுக்கல" என்று ஒரு அட்டெண்டர் சொன்னால் அது அவர் தப்பு இல்லை. அவருக்கு யார் பேச்சைக் கேட்பது என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாளே எல்லாரையும் வைத்துக்கொண்டு, "எதுவாக இருந்தாலும் இவங்க சொன்னால்தான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

வெளியூரில் இருப்பவர்களுக்கு வேலை இல்லை என்று அர்த்தமில்லை. ஏஜென்சியோடு பேசுவது, பணம் கட்டுவது, ரிவியூ தேதி வாங்குவது, மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே ஏற்பாடு செய்வது, இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் செய்யலாம். வாரக் கடைசியில் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி வந்து ரெண்டு ராத்திரி பக்கத்தில் படுத்தால், வீட்டில் இருப்பவர் தூங்குவார். அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

நோட்டு

பெரிய சைஸ் நோட்டு ஒன்று, கட்டில் காலில் கயிறு கட்டி அதில் பேனா. முதல் பக்கத்தில் பெயர், வயது, ஆஸ்பத்திரி நம்பர், என்னென்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்னென்ன டியூப் எந்தத் தேதியில் போட்டது, அவசரத்துக்கு யார் நம்பர். அடுத்த பக்கத்தில் மாத்திரைகள்: பெயர், எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. எதற்கு என்பதைத் தமிழில் எழுதுங்கள். "ரத்தம் உறையாமல் இருக்க" என்று எழுதியிருந்தால், பல் பிடுங்கப் போனாலும் கீழே விழுந்து அடிபட்டாலும் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் புரியும்.

அதன்பின் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இப்படி இருந்தால் போதும்:

"காலை 6.30 – சுகர் 148. 7 மணி – கஞ்சி 200 மில்லி, தலை தூக்கி வைத்து. 8 – இடப்பக்கம். 10 – வலப்பக்கம். 10.15 – யூரின் 400, கலங்கல் இல்லை. மோஷன் ரெண்டாவது நாளாகப் போகவில்லை. இடது குதிகால் சிவப்பு, அழுத்தினால் மாறவில்லை. 11.20-க்கு டிரெஸ்ஸிங் சிஸ்டரிடம் சொன்னேன், குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்கச் சொன்னார், வைத்தாச்சு."

கடைசி வரியைப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாக எதை எழுதினாலும் யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்குச் சொன்னோம், அவர் என்ன சொன்னார், செய்தாச்சா என்ற நான்கும் கூடவே வர வேண்டும். "சிவந்திருக்கு" என்று மட்டும் எழுதி வைத்தால் அது அப்படியே நோட்டில் கிடக்கும், அடுத்தவர் படித்துவிட்டு யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

வாட்ஸ்அப் குரூப் வேண்டாம் என்று சொல்லவில்லை, புண்ணின் போட்டோ அனுப்ப அது நல்ல வசதி. ஆனால் டாக்டர் மாற்றிச் சொன்ன மாத்திரை அளவு, காலை வணக்கப் படங்களுக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் புதைந்துபோகும். குரூப்பில் என்ன வந்தாலும் நோட்டில் ஏறின பிறகுதான் அது நடைமுறைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத வராத அட்டெண்டர் இருந்தால், திருப்பினதுக்கு ஒரு டிக், கஞ்சிக்கு ஒரு வட்டம் என்று கட்டம் போட்டுக் கொடுங்கள். சித்தூர் பக்கத்திலிருந்து வருபவர் தெலுங்கில் எழுதினாலும் எண்கள் எல்லாருக்கும் புரியும். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: நாள் முழுக்க உள்ளதைச் சாயங்காலம் மொத்தமாக உட்கார்ந்து எழுதக்கூடாது. பக்கம் முழுக்க ஒரே பேனாவில் ஒரே சாய்வில் எழுத்து இருந்து, பல்ஸ் எல்லா வேளையும் 72 என்று இருந்தால் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

டியூட்டி மாறும் பத்து நிமிடம்

போகிறவரும் வருகிறவரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே "எல்லாம் நல்லாதான் இருக்கு" என்று சொல்லிக்கொள்வது கைமாற்றம் ஆகாது. இருவரும் கட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும், போர்வையை விலக்க வேண்டும், ஒருபக்கமாகத் திருப்பி முதுகையும் இடுப்பையும் சேர்ந்து பார்க்க வேண்டும், நோட்டில் அன்றைய பக்கத்தைப் படிக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்த மாத்திரை எது, அடுத்தது எப்போது, இன்றைக்குப் புதிதாக என்ன, மிச்சம் இருக்கும் வேலை என்ன. வந்தவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று ஏஜென்சியோடு முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மணி பஸ்தான் ஜெயிக்கும்.

ஆள் எடுக்கும்போது

அட்டெண்டர் வேறு, நர்ஸ் வேறு. குளிப்பாட்டுவது, திருப்புவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது அட்டெண்டர் வேலை. ஊசி போடுவது, டியூப் மாற்றுவது, ஆழமான புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வது படித்த நர்ஸ் செய்ய வேண்டியது. நர்ஸ் என்று சொல்லி அனுப்பினால் என்ன படிப்பு, தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுச் சான்றைப் பாருங்கள். இந்தியாவிலேயே முதன்முதலாக நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய ஊர்களில் ஒன்று வேலூர், 1946-ல் சிஎம்சியில். நல்ல பயிற்சி பெற்றவர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை, அதனால் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்க வேண்டியது: லீவு போட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள் வருவார், அவர்களுடைய மேற்பார்வையாளர் எப்போது நேரில் வந்து பார்ப்பார், புது ஆள் வரும்போது பழைய ஆள் கூட இருந்து சொல்லிக்கொடுப்பாரா. தீபாவளி, பொங்கல் எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். குடியாத்தம் பக்கத்து ஆள் என்றால் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நிச்சயம் ஊருக்குப் போவார், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் இருப்பார்கள். போகட்டும், போகத்தான் வேண்டும். ஒரு மாதம் முன்பே காலண்டரில் வட்டம் போட்டு மாற்று ஏற்பாடு செய்துவிடுங்கள்.

இருபத்திநாலு மணி நேரமும் தங்கும் ஒரே ஆள் பற்றி நேராகவே சொல்கிறேன். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்புவது எந்த மனிதராலும் தொடர்ந்து முடியாது. ஒரு வாரம் செய்வார், அப்புறம் நோட்டில் டிக் மட்டும் விழும். ராத்திரியில் பாதியைக் குடும்பம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை ரெண்டாவது ஆள் வையுங்கள். சாப்பாடு, படுக்க ஒழுங்கான இடம், கையுறை, சோப்பு இதிலெல்லாம் கணக்குப் பார்க்கும் வீட்டில் நல்ல ஆள் தங்குவதில்லை.

நன்றாக நடக்கிறதா என்று எங்கே பார்ப்பது

உடம்பில் பாருங்கள். வெள்ளை விரிப்பும் பவுடர் வாசனையும் எதையும் சொல்லாது. தினமும் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், வால் எலும்பு, இடுப்பின் ரெண்டு பக்கம், குதிகால், தோள்பட்டை எலும்பு, பின்தலை, காது மடல். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்குகிறது. ஆனால் கருத்த தோலில் இந்தச் சிவப்பே கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருந்தாலும், நிறம் கொஞ்சம் ஊதாவாக இருண்டிருந்தாலும் அதே அர்த்தம்தான். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்ய வேண்டாம், எண்ணெய் போட்டு அழுத்தினால் இன்னும் கெடும். அந்தப் பக்கம் பாரம் படாமல் வைப்பதுதான் வைத்தியம்.

வாயைத் திறந்து பாருங்கள். டியூபில் சாப்பிடுபவருக்கும் தினமும் வாய் கழுவ வேண்டும், நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பெரும்பாலும் யாரும் கழுவவில்லை என்று அர்த்தம். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. ஆளைத் தூக்கும்போது பையை வயிற்றின்மேல் வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது, மூத்திரம் திரும்ப உள்ளே போய் நோய்த்தொற்று வர அதுவே போதும். மூக்கு டியூபில் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்த பின்னும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மூக்கு ஓரத்தில் டியூபின்மேல் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தாலோ, கொடுக்கும்போது இருமல் வந்தாலோ நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

இன்சுலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கடைகளில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், இன்சுலின் பேனாவில் வருவது வழக்கமாக 100 யூனிட், சில குப்பிகளும் 100-ல் வருகின்றன. 40-க்கான சிரிஞ்சு சிவப்பு மூடி, 100-க்கானது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று போடுபவர் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படிக்கட்டும், பக்கத்தில் இருப்பவர் கேட்கட்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் குப்பியை ஜன்னலோரம் வைக்கவே கூடாது. பிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். திறந்த தேதியைக் குப்பியில் எழுதி நாலு வாரத்தில் தூக்கிப்போடுங்கள். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடிக் கொடுங்கள், குப்பை எடுக்க வரும் அம்மாவின் கையும் கைதான்.

அப்புறம், நோயாளியிடமே கேளுங்கள். அட்டெண்டர் சாப்பிடப் போன நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து. பேச முடியாதவர் என்றால், அந்த ஆள் அறைக்குள் வரும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

எப்போது யாரைக் கூப்பிடுவது

இதைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். தோல் நிறம் மாறினால், டிரெஸ்ஸிங் நனைந்தால், மூணு நாள் மோஷன் போகாவிட்டால் அன்றே சிஸ்டருக்கு. காய்ச்சல், மூத்திரம் குறைவது அல்லது நிற்பது, வழக்கத்தைவிட அதிகத் தூக்கம், திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது என்றால் டாக்டருக்கு, காலைவரை காத்திருக்காமல். மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு தப்புவது, வாய் கோணுவது, ஒரு கை கால் விழுவது என்றால் நேராக 108. வாய் கோணினால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை நோட்டில் பார்த்துச் சொல்லுங்கள், பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரக் கெடு உண்டு, டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். சுகர் 70-க்குக் கீழே போய், ஆள் விழித்திருந்து விழுங்க முடிந்தால் மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. சிஎம்சியா, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியா, பக்கத்து நர்சிங் ஹோமா, எங்கே போவது என்பதை இன்றைக்கே முடிவு செய்து எழுதிவிடுங்கள். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது மூணு பேர் மூணு பெயர் சொல்லும் நிலை வரக்கூடாது.

பணம் இல்லாவிட்டால்

தனியார் ஏஜென்சி எல்லாராலும் முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோவும், நோய் முற்றியவர்களுக்கான வலி தணிப்புக் கவனிப்புக்கு நர்ஸும் வீட்டுக்கு வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், உங்கள் பகுதிக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் யார் என்று கேட்டு அவர் நம்பரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டையிலும் ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரிலும் சேர்ந்துவிட்டதால், அந்தந்த மாவட்டத்திலேயே விசாரியுங்கள். கணியம்பாடி, கே.வி.குப்பம் ஒன்றியங்களில் சிஎம்சியின் சமுதாய சுகாதாரப் பிரிவுகள் பல பத்தாண்டுகளாகக் கிராமங்களில் வேலை செய்கின்றன, அங்கே இருப்பவர்கள் அதையும் கேட்டுப் பாருங்கள். இலவசமாக வருபவர்களும் நோட்டில் எழுதத்தான் வேண்டும். தயங்காமல் பேனாவை நீட்டுங்கள்.

ரிவியூவுக்குப் போகும்போது

நோட்டையே எடுத்துப் போங்கள். அவுட் பேஷண்ட் கூட்டத்தில் டாக்டருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடம், அதில் "கொஞ்சம் பரவாயில்ல டாக்டர்" என்று சொல்லி வீணாக்காமல், முந்தின இரவே நோட்டைப் புரட்டி முக்கியமான மூணு கேள்வியை மேலே எழுதிக்கொள்ளுங்கள். புண்ணின் பழைய போட்டோவும் புதிய போட்டோவும் பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு எடுத்ததாக இருந்தால் அளவு தெரியும். மருந்து மாறியிருந்தால் வீடு திரும்பினதும் மாத்திரைப் பக்கத்தைப் புதிதாக எழுதி, பழைய பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டுத் தேதி போடுங்கள். நிறுத்தின மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். பிசியோ, டிரெஸ்ஸிங் சிஸ்டர், ரெண்டு அட்டெண்டர், ஒவ்வொருவரும் அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போடட்டும். எல்லாக் கையெழுத்தும் விழும்வரை அந்தப் பக்கத்தில் ஒரு கிளிப் மாட்டியே இருக்கட்டும்.